இன்னும் ஒரு சீசன்

ரிவியில் ரொறன்ரோ பேஸ்போல் அணியின் இளம் ஆட்டக்காரன் றென்னிக் அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வெறுங்காற்றை அடித்துவிட்டுத் தலை குனிந்து திரும்பி நடந்தபோது, கோணேஸ்வரன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“உவனை நாளைக்கே கீழ மைனர் லீக்குக்கு அனுப்போணும். மூண்டு வருசமா ஒரே பந்துக்கு ஒரே மாதிரி அவுட் ஆகிறவனை என்னத்துக்கு வைச்சிருக்கிறாங்கள்?”

“இரடாப்பா,” என்றார் றொபேட். “சின்னப் பொடியன். நேரம் குடுக்கோணும்.”

“நேரம் குடுத்தாக் கண் வருமே? வெளியால வளைஞ்சு போற பந்து அவனுக்குத் தெரியுதில்லை. தெரியாதவனுக்குத் தெரியாதுதான்.”

அஜக்ஸில் இருந்த றொபேட்டின் வீட்டு பேஸ்மென்றில்தான் இந்தச் சண்டை ஞாயிறுதோறும் நடக்கும். றொபேட் மன்னார்க்காரர், பிளாஸ்ரிக் தொழிற்சாலை ஒன்றில் மெசின் ஓட்டுபவர். கோணேஸ்வரன் திருகோணமலை. உயர்ந்த கட்டடங்களில் லிஃப்ற் திருத்துவது அவருடைய வேலை. இருவரும் ஒரே குளிர்காலத்தில் கனடாவுக்கு வந்து, மல்வேர்னில் ஒரே அறையில் கிடந்தவர்கள். அந்த வருடங்களில் ரொறன்ரோ அணி வென்றுகொண்டிருந்தது. ஆங்கிலம் சரியாக விளங்காத காலத்திலேயே இருவருக்கும் பேஸ்போல் விளங்கிவிட்டது. கிரிக்கெட்டில் மட்டை பிடித்த கைகள் என்பதால் சண்டை பிடிக்கவும் விசயம் இருந்தது. அதற்குப் பிறகு அணி தோற்ற வருடங்கள்தான் அதிகம். சண்டை மட்டும் நிற்கவில்லை.

மூன்றாவது ஆளாகக் கோணேஸ்வரனின் மகள் தேனுகா வருவாள். காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் ஆபத்தைக் கணக்குப் பார்க்கும் வேலை அவளுக்கு. கால்களைச் சோபாவில் தூக்கி வைத்துக்கொண்டு, போனைத் தட்டியபடி இருவரையும் மறுத்துப் பேசுவாள்.

“அப்பா, பிழை றென்னிக்கில இல்லை. டெவலப்மென்ற்தான் பிழை. மைனர் லீக்கில ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோச். ஒராள் காலைத் தூக்கு எண்டார். மற்றாள் தூக்காதை எண்டார். இன்னொராள் கையைக் கீழ கொண்டுவா எண்டார். லைக், மட்டை வீசுறதில அவன்ர சொந்த ஸ்விங் எது எண்டு இப்ப அவனுக்கே தெரியாது.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்,” என்று றொபேட் பாய்ந்து வருவார். “பிள்ளையளைக் கெடுக்கிறது கோச்மார்தான்.”

“இல்லை அங்கிள். கெடுத்ததும் உண்மை, இனிச் சரிவராது எண்டதும் உண்மை. ரெண்டும் சேந்தும் இருக்கலாம்தானே?”

றொபேட்டுக்கு அந்த இரண்டாவது பாதி பிடிக்காது. அவர் ரிவியின் சத்தத்தைக் கூட்டுவார்.

அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று கோணேஸ்வரனுக்கும் தேனுகாவுக்கும் தெரியும். மேலே, மாடி அறையில், அவருடைய மகன் றொய்சன் இருந்தான்.

றொய்சனும் றென்னிக்கைப் போல இடது பக்க அவுட்ஃபீல்டர். தூரத்துப் புல்லில் தனியாக நின்று, வானத்தில் இருந்து விழும் பந்துகளை ஓடிப் பிடிப்பவன். சின்ன வயதிலேயே அவன் ஓட்டத்தைப் பார்க்க மற்றப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் வேலியோரம் வந்து நிற்பார்கள். பந்து மட்டையில் பட்ட சத்தத்திலேயே அது எங்கே விழும் என்று கண்டுபிடித்து, பந்துக்கு முதுகு காட்டி ஓடி, கடைசியில் திரும்பிக் கையை நீட்டுவான். கன்சாஸில் ஒரு சிறிய கல்லூரி அவனைக் கூப்பிட்டது. பிறகு அமெரிக்கப் பெரிய அணி ஒன்று தன் கடைசித் தட்டு மைனர் லீக் அணிக்கு அவனை எடுத்தது. எங்கள் சனத்தில் அவ்வளவு தூரம் போன பிள்ளையைப் பற்றி யாரும் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. மாதா கோயிலில் சுவாமியார் பூசை முடிவில் அவன் பேரைச் சொல்லி மன்றாடினார். தாய் யூஜினி தன் வேலையிடத்தில் எல்லாருக்கும் கேக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இரண்டு சீசன் விளையாடினான். பிடிப்பதில் குறையே இல்லை. அடிக்கத்தான் வரவில்லை. மூன்றாவது சீசன் தொடங்கும் முன், பயிற்சி முகாமின் கடைசிக் கிழமையில், அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் அறைக்குள் போனான். சாப்பிட இறங்குவான், ஓடப் போவான், வருவான். பேஸ்மென்றுக்கு மட்டும் வரமாட்டான்.

“இப்ப ஃப்ரீ ஏஜென்ற், எந்த ரீமுக்கும் போகலாம்,” என்பார் றொபேட், யாராவது கேட்டால். விலக்கிவிட்டார்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

றென்னிக்கைப் பற்றிப் பேசும்போது தான் யாரைப் பற்றிப் பேசுவதாகச் சிநேகிதனுக்குக் கேட்கிறது என்று கோணேஸ்வரனுக்கு விளங்காமல் இல்லை. குரலைத் தாழ்த்தலாம் என்று பலமுறை நினைத்தார். ஆனால் தாழ்த்தினால், ஏன் தாழ்த்துகிறேன் என்று றொபேட்டுக்கு விளங்கிவிடும். அதனால் முன்பிருந்த மாதிரியே சத்தம் போட்டார்.

மே மாதத் தொடக்கத்தில் இரண்டு விசயங்கள் ஒன்றாக வந்தன. கோணேஸ்வரன் வேலை செய்யும் கொம்பனி லிஃப்ற் வேலை பழக இரண்டு பேரை எடுப்பதாக இருந்தது. எடுப்பது அரிது. எடுபட்டால் வாழ்க்கைக்கும் அது காணும், வேறு வேலை தேடத் தேவையில்லை. அவர் மனேச்சரிடம் றொய்சனின் பேரைச் சொல்லி வைத்தார். “வரட்டும், பார்ப்போம். ஆனால் தாமதிக்காமல் கெதியாக வரவேண்டும்” என்றார் மனேச்சர். அதே கிழமை இலினோயில் இருந்து றொய்சனுக்கு ஒரு அழைப்பு வந்தது. எந்தப் பெரிய அணியோடும் தொடர்பில்லாத ஒரு தனி லீக். பெரிய அணிகள் கைவிட்டவர்கள் கூடி விளையாடும் இடம். வந்தால் ஒரு இடம் உண்டு என்றார்கள்.

றொபேட் வேலை முடிந்து நேரே மல்வேர்னில் கோணேஸ்வரனின் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்குள் வராமல் கோணேஸ்வரனைக் காருக்குள் கூப்பிட்டு இருத்தினார்.

“சனிக்கிழமை விட்பியில பொடியன் அடிச்சுப் பழகப்போறான். நீ ஒருக்கா வந்து பார்.”

“நான் என்னத்தைப் பாக்கிறது? நான் கோச்சே?”

“கோச்மார் காசு வாங்கிறவங்கள். அவங்கள் நல்லது எண்டுதான் சொல்லுவாங்கள். நான் தேப்பன். எனக்கு அவன் சும்மா நிண்டாலே வடிவு.” றொபேட் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துப் பேசினார். “நீ ஒருத்தன்தான் ஆரின்ர முகத்தையும் பாக்காமச் சொல்லுவாய். எவ்வளவு காலமா நான் உன்னோட சண்டை பிடிக்கிறன்? எத்தினை தரம் நீ சொன்னது பிழைச்சது? சொல்லு, அவன் போறதோ, இல்லாட்டி உன்ர வேலைக்கு வாறதோ? நீ சொல்லுறபடி செய்வம்.”

“றொய்சன் என்ன சொல்லுறான்?”

“அவனும் ஓம் எண்டவன்.”

சனிக்கிழமை காலை தேனுகாதான் கார் ஓட்டினாள். விட்பியின் தொழிற்சாலைத் தெரு ஒன்றில், ரயர் கடைக்குப் பக்கத்தில், கூரை உயர்ந்த ஒரு கொட்டகை. உள்ளே நீளநீளமாக வலை கட்டிப் பிரித்திருந்தார்கள். றொய்சனுக்குப் பந்து எறிய ஒருவனைப் பிடித்திருந்தார்கள். கல்லூரிக் காலத்தில் எறிந்தவன், இப்போது வீடு விற்கும் வேலை.

முதலில் நேரான பந்துகள். மட்டையில் பட்ட சத்தம் கொட்டகை முழுக்க எதிரொலித்தது. றொபேட் திரும்பித் திரும்பிக் கோணேஸ்வரனைப் பார்த்தார். கோணேஸ்வரனுக்கும் மனம் லேசானது. பிறகு எறிபவன் பந்துகளை மாற்றத் தொடங்கினான். ஒன்று நேராக, ஒன்று மெதுவாக, ஒன்று கடைசி நேரத்தில் விலகி.

அதற்குப் பிறகு சத்தம் மாறிவிட்டது. வலையில் பந்து போய் விழுகிற சத்தம்தான் அதிகம் கேட்டது.

கோணேஸ்வரன் வலைக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தார். பந்து பாதி வழி வர முன்னமே றொய்சனின் முன்தோள் வெளிப்பக்கம் திரும்பிவிட்டது. பந்தைப் பார்த்து அவன் அடிக்கவில்லை. எது வரும் என்று ஊகித்து, ஊகத்தை அடித்தான். ஊகம் சரியானபோது அழகாக இருந்தது. பிழைத்தபோது காலும் இடுப்பும் ஒரு பக்கம் போக, கைகள் இன்னொரு பக்கம் இழுத்தன. றென்னிக் தடுமாறியது உலகத்திலேயே திறமான எறிகாரருக்கு. இவன் தடுமாறியது வீடு விற்கிற ஒருவனுடைய பந்துக்கு. றொய்சனின் கையுறைக்குள் இருந்து ரத்தம் கசிந்து மட்டையின் பிடியில் பட்டிருந்தது. எவ்வளவு பழகியிருக்கிறான் என்று அதில் தெரிந்தது. இனிப் பழகிப் பயனில்லை என்பதும் தெரிந்தது.

றொபேட் வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். உதடுகள் அசைந்தன. செபம்.

முடிந்ததும் றொய்சன் வெளியே வந்தான். முகத்தைத் துடைக்கவில்லை, மட்டையைக் கீழே வைக்கவும் இல்லை. நேரே கோணேஸ்வரனுக்கு முன்னால் வந்து நின்றான்.

“சொல்லுங்கோ அங்கிள்.”

சொல்ல வேண்டியதைக் கோணேஸ்வரன் காரில் வரும்போதே யோசித்து வைத்திருந்தார். ‘தம்பி, நீ போன தூரம் ஒருத்தரும் போகேல்லை. காணும். திங்கட்கிழமை என்னோட வா.’ மூன்றே வசனம். அவர் வாயைத் திறந்தார். வலையைப் பிடித்திருந்த றொபேட்டின் விரல்கள் கண்ணில் பட்டன.

“கை வேகம் இருக்கு,” என்றார். “தோள் கொஞ்சம் முந்துது. அது திருத்தலாம். இன்னும் ஒரு சீசன் குடுத்துப் பாக்கலாம்.”

றொபேட் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு கோணேஸ்வரனைக் கட்டிப் பிடித்தார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

றொய்சன் கையில் இருந்த மட்டையை மெல்லக் கீழே இறக்கினான். “தாங்ஸ் அங்கிள்,” என்றான். குனிந்து, மட்டைகளை ஒவ்வொன்றாகப் பையில் வைக்கத் தொடங்கினான்.

திரும்பும் வழியில் நாலு-சைபர்-ஒன்று நெடுஞ்சாலையில் கார்கள் நெருக்கிக்கொண்டு நின்றன.

“ஏன் அப்பா பொய் சொன்னனீங்கள்?” என்றாள் தேனுகா.

“நீ கண்டனியே?”

“நான் கண்டன். எறிஞ்சவன் கண்டவன். அவனே பாவம் பாத்து லேசாத்தான் எறிஞ்சவன்.”

“உன்னட்டைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாய்?”

“என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே. உங்களட்டைத்தான் கேட்டவை.”

கோணேஸ்வரன் யன்னலுக்கு வெளியே பார்த்தார். திங்கட்கிழமை மனேச்சரிடம் போய், பொடியன் வரவில்லை என்றார். மனேச்சர் சரி என்று பட்டியலில் அடுத்தவனைக் கூப்பிட்டார்.

அந்தக் கோடையில் ஞாயிறு மாறிவிட்டது. றொபேட் ரொறன்ரோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு, இலினோய் அணியின் ஆட்டத்தை இணையத்தில் போட்டார். மைதானத்தின் பின்பக்கத்தில் நட்டு வைத்த ஒரேயொரு கமெரா. காற்று அடித்தால் படம் ஆடும். றொய்சன் தூரத்தில் ஒரு புள்ளி மாதிரித் தெரிவான். அடிக்க வரும்போதுதான் முதுகும் அதில் எழுதிய பேரும் தெரியும். யூஜினி சமையலை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்து படிக்கட்டில் இருப்பாள். அடித்து முடித்ததும், எப்படி முடிந்தாலும், எழும்பிப் போய்விடுவாள்.

பந்து பிடிப்பதில் அவன் அங்கேயும் கெட்டிக்காரன். ஒரு தடவை மதிலோடு மோதிப் பிடித்தான். றொபேட் கத்தியதில் மேலே யூஜினியின் கையில் இருந்த கோப்பை விழுந்து உடைந்தது. ஆனால் அடிக்க வந்தால் அதே தோள், அதே ஊகம். கிழமைக்குக் கிழமை அவனைப் பட்டியலில் கீழே இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

படத்துக்குப் பக்கத்தில், பார்ப்பவர்கள் எழுதும் கருத்துகள் ஓடும். பார்ப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்த ஊர்க்காரர், தங்கள் அணியில் பைத்தியமானவர்கள். ஜூலையில் ஒரு ஞாயிறு, றொய்சன் தொடர்ந்து வெறுங்காற்றை அடித்துத் திரும்பியபோது ஒருவர் எழுதினார்: இந்த இடது பக்கத்தானுக்கு வளையும் பந்து தெரிவதே இல்லை, என்னத்துக்கு வைத்திருக்கிறார்கள்? இன்னொருவர் எழுதினார்: கால் இருக்கிறது, கண் இல்லை, அனுப்பிவிடுங்கள்.

கோணேஸ்வரனுக்கு முகம் சூடேறியது. வேறு மொழியில், வேறு ஊரில், தன்னைப் போல ஒருவர் கதிரையை விட்டு எழும்பி நின்று கத்துவது அவருக்குக் கேட்டது. அந்த மனுசனில் கோபப்பட அவரால் முடியவில்லை. அவர் சொன்னது சரி.

றொபேட் போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்து இரண்டு பெருவிரலாலும் எதையோ தட்டினார். சிறிது நேரத்தில் திரையில் புதிய கருத்து வந்தது. ‘சின்னப் பிள்ளை. நேரம் கொடுங்கள்’ என்று பிழையான ஆங்கிலத்தில் இருந்தது. எழுதியவரின் பேர், மைக் என்று இருந்தது.

தேனுகா தகப்பனைப் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்தாள். திரையில் இன்னொன்று வந்தது: ‘மதிலோடு மோதி இவரைப் போலப் பிடிக்க இந்த லீக்கில் வேறு ஆள் இல்லை.’

“பாத்தியே,” என்றார் றொபேட். “அங்கையும் விசயம் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம்.”

தேனுகா தலையை ஆட்டினாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. வேலை இருக்கிறது என்றாள்.

ஓகஸ்ட் தொடங்க முன்னமே றொய்சனை அனுப்பிவிட்டார்கள். மதிலோடு மோதியதில் தோள் வேறு பிசகியிருந்தது. பஸ்ஸில் வந்து இறங்கினான். அதே மாதத்தில் றென்னிக்கையும் ரொறன்ரோ அணி விலக்கியது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கோணேஸ்வரன் மறுபடி மனேச்சரிடம் போனார். எடுத்தாயிற்று, இனி எப்போது எடுப்போம் என்று தெரியாது என்றார் அவர். வேறு கொம்பனிகளில் தெரிந்தவர்களைக் கேட்டார். ஒரு இடத்தில் ஓம் என்றார்கள். ஆனால் தோளைக் காட்டியதும், பாரம் தூக்க முடியாதவனை எடுக்க முடியாது என்றார்கள். போன வசந்தத்தில் அந்தத் தோள் சுகமாக இருந்தது. அதை நினைக்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

செப்ரெம்பரில் றொபேட் போன் எடுத்தார். குரலில் உற்சாகம்.

“மச்சான், அவுஸ்ரேலியாவில ஒரு லீக் இருக்காம். எங்கட குளிருக்குத்தான் அவங்களுக்குக் கோடை. தோள் சுகமானாப் போகலாம். இலினோய்க் கோச் அவன்ர ஸ்விங்கை மாத்திக் கெடுத்துப்போட்டான். நீ வந்து ஒருக்கா அவனோட கதை. நீ சொன்னாக் கேப்பான்.”

கோணேஸ்வரன் அன்று பின்னேரமே அஜக்ஸுக்குப் போனார். பேஸ்மென்றில் ரிவி நிறுத்தியிருந்தது. யூஜினி தேத்தண்ணி வைத்துவிட்டு மேலே போனாள்.

“றொபேட், அவன் போகத் தேவையில்லை.”

“ஏன்?”

“கோச் ஒண்டும் கெடுக்கேல்லை. இஞ்சை இருந்து போகேக்கையே அப்பிடித்தான். அவனுக்குப் பந்து தெரியேல்லை, மச்சான். விட்பியில நான் கண்டனான்.”

றொபேட் தேத்தண்ணியை எடுத்தவர் மறுபடி வைத்தார்.

“விட்பியிலயோ?”

“ஓம்.”

“விட்பியில நீ சொன்னது வேற.”

“தெரியும்.”

“கை வேகம் இருக்கு எண்டனீ. ஒரு சீசன் குடு எண்டனீ. நான் உன்னைக் கட்டிப் பிடிச்சனான்.” றொபேட் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் கோணேஸ்வரனுக்குப் பழக்கமானதாக இருந்திருக்கும். “றென்னிக் உனக்கு ஆர்? அவனைப் பேச உனக்கு வாய் கூசேல்லை. என்ர பிள்ளைக்கு ஒரு உண்மை சொல்ல வாய் வரேல்லையோ? அவன் உன்ர வேலைக்கு வந்திருப்பான். தோளும் இருந்திருக்கும்.”

“எனக்குச் சொல்ல ஏலாமப் போச்சு.”

“இப்ப மட்டும் என்னெண்டு ஏலுது?”

ஒன்றும் மிஞ்சாத இடத்தில்தான் தனக்கு உண்மை பேச வருகிறது என்று கோணேஸ்வரனுக்குத் தோன்றியது.

“நீ போ, கோணேஸ்,” என்றார் றொபேட். “இனி ஞாயிற்றுக்கிழமையில வராதை.”

படியேறி வந்தபோது யூஜினி கதவடியில் நின்றாள். எல்லாம் கேட்டிருக்கவேண்டும். அவர் சப்பாத்தைப் போட்டு முடிந்ததும், “போயிட்டு வாங்கோ அண்ணை,” என்றாள்.

குளிர்காலம் போனது. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குக் கோணேஸ்வரன் ஒரு போன் எடுத்தார், றொபேட் எடுக்கவில்லை. அடுத்த சீசன் தொடங்கியது. ரொறன்ரோ அணி இடது பக்கத்துக்கு இன்னொரு இளம் பொடியனைக் கொண்டுவந்தது. அவனும் தொடக்கத்திலேயே தடுமாறினான். தேனுகா இரவுச் சாப்பாட்டில் அவனைப் பற்றிக் கேட்டபோது கோணேஸ்வரன், “பாக்கேல்லை,” என்றார். அவருடைய மனைவி கனகாம்பிகை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சோற்றைப் போட்டாள்.

ஜூன் மாதத்தில் ஸ்காபரோவில் ஒரு பழைய அப்பாட்மென்ற் கட்டடத்தில் லிஃப்ற் நின்றுவிட்டது என்று அவரை அனுப்பினார்கள். முன்வாசல் மேசையில் காவலாளியின் சீருடையில் றொய்சன் இருந்தான்.

கொஞ்சம் தடித்திருந்தான். எழும்பி, “வாங்கோ அங்கிள்,” என்று கொப்பியை நகர்த்திக் கையெழுத்து வாங்கினான். சாவிப் பலகையில் தொங்கிய மோட்டர் அறைத் திறப்பை எடுத்துக் கொடுத்தான். வலது கையை உயரத் தூக்காமல் இடது கையால்தான் எடுத்தான்.

“அப்பா சுகமே?”

“ஓம். இப்ப பேஸ்போல் பாக்கிறேல்லை. கிரிக்கெட் பாக்கிறார். அதுக்கும் கத்துறார்.”

“அவுஸ்ரேலியா?”

“அது அப்பாட ஐடியா அங்கிள்.”

கோணேஸ்வரன் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அங்கே யாரும் இல்லை. “தம்பி,” என்றார். “விட்பியில நான் உனக்குச் சொன்னது பொய்.”

“தெரியும் அங்கிள். அப்பவே தெரியும்.”

“பின்னை ஏன் போனனீ?”

றொய்சன் கொப்பியை மூடினான்.

“உங்களைக் கூப்பிடச் சொல்லி அப்பாட்டைச் சொன்னதே நான்தான்.”

கோணேஸ்வரனுக்கு விளங்கவில்லை.

“என்ர அறைக்கு ஹீற் வாற ஓட்டையால பேஸ்மென்றில கதைக்கிறது எல்லாம் கேக்கும். ஞாயிற்றுக்கிழமையில படுத்திருந்து கேப்பன். நீங்கள் றென்னிக்கைப் பேசுவியள். ஐ நோ, அது என்னைத்தான். கேக்க எனக்குக் கோபம் வரேல்லை. நிம்மதியா இருக்கும். வீட்டில அம்மா நோவேனா செபம் சொல்லுறா. அப்பா புதுப் புதுக் கோச்சைத் தேடுறார். ஒரு ஆளாவது உள்ளதைச் சொல்லுறாரே எண்டு.” அவன் நிறுத்தி, வாசல் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். “எனக்கு இனிக் காணும், விடுவம் எண்டு இருந்தது. ஆனா நானா விட்டா, அப்பா கடைசி மட்டும் நம்பமாட்டார். இன்னும் கொஞ்சம் முயற்சி செய்திருக்கலாம் எண்டுதான் இருப்பார். நீங்கள் சொன்னா உங்களோட சண்டை பிடிப்பார், பிறகு நம்புவார். நீங்கள் சொல்லுவியள் எண்டு மட்டையையும் வைக்காம நிண்டனான்.”

“நான் கொப்பான்ர கையைப் பாத்திட்டன் தம்பி.”

“எல்லாரும் அப்பான்ர கையைத்தான் பாத்தவை அங்கிள். நானும்தான்.”

வீதியில் இருந்து ஒரு வயதான அம்மா தள்ளுவண்டி நிறையச் சாமானோடு உள்ளே வந்தாள். லிஃப்ற் வாசலில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டு, ஒன்பதாம் மாடிக்கு எப்படிப் போவது என்று இருவரையும் மாறி மாறிக் கேட்டாள். றொய்சன் எழும்பிப் போய் அவளுக்குக் கதிரை போட்டான். கோணேஸ்வரன் படியேறினார்.

மேலே கதவு உருளும் சில்லுகளில் ஒன்று தேய்ந்திருந்தது. மாற்றிப் பூட்ட நேரம் எடுத்தது. ஒரு சுரையாணியை இரண்டு தரம் கீழே விழுத்தினார். எல்லாம் முடிந்து லிஃப்ற்றிலேயே இறங்கி வந்தபோது மேசையில் வேறொரு காவலாளி இருந்தார். அந்த அம்மா எழும்பி, கோணேஸ்வரனைத் தாண்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

வெளியே வந்து கொம்பனி வான் வண்டியை எடுத்தபோது, எதிர்ப்பக்க பஸ் தரிப்பில் றொய்சன் நிற்பது தெரிந்தது. கோணேஸ்வரன் வீதியைச் சுற்றி வந்து, அவனுக்குக் கிட்ட நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார்.

“ஏறு தம்பி. அஜக்ஸில விட்டிட்டுப் போறன்.”

“வேண்டாம் அங்கிள். வீட்டு வாசல்ல உங்கட வானை அப்பா கண்டா...” அவன் முடிக்கவில்லை. “பஸ் வருது.”

பஸ் பின்னால் வந்து ஹோர்ன் அடித்தது. கோணேஸ்வரன் வானை முன்னுக்கு எடுத்தார். கண்ணாடியில் பார்த்தபோது, வரிசையில் கடைசி ஆளாக றொய்சன் ஏறுவது தெரிந்தது. கதவு மூடியது.